மாரித் தொட்டி: முட்டையை வைத்து இனம் பிரித்தல்

ஈரூடகவாழியா ஊர்வனவா என்பதைத் தோலைப் பார்த்துச் சொல்லப்போனால் திருகோணமலை வளவுகளில் தடுமாறத்தான் வேண்டும். சொறித்தவளையின் முதுகு காய்ந்து கரடாக இருக்கும். வீட்டுப் பல்லியோ தொட்டால் மெத்தென்றிருக்கும். விரல் நுனியை நம்பலாம்: பல்லிக்கு நகமுண்டு, சுவரில் ஏறும் மரத்தவளைக்கு ஒட்டுத்தட்டு மட்டுந்தான். முட்டை அதைவிடத் தெளிவு. அதற்காகத்தான் இந்தத் தொட்டி.

இரண்டரை அடி அகலம், முக்கால் அடி ஆழமான சீமெந்துத் தொட்டி; பாதிக்கு மழைத்தண்ணீர். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் சரிவரவில்லை. அதிலுள்ள உப்பு, ஓடில்லாத தவளை முட்டையிலிருந்து நீரை உறிஞ்சிவிடும், கரு வெளுத்துப் போகும். குழாய்த் தண்ணீர்தான் கிடைக்குமென்றால் குளோரின் போக ஒரு நாள் வெயிலில் திறந்து வைக்க வேண்டும். மீன் விடக்கூடாது, ஒரு முட்டையும் மிஞ்சாது.

முதல் கிழமை: ஐப்பசி மழை பிடித்த மறுநாளே சொறித்தவளை முட்டை. கறுப்பு மணி கோத்த நீண்ட வழுவழுப்பான சரம். இரண்டு நாளில் வாற்பேத்தை. சின்ன வாய்த்தவளைகளின் முட்டையென்றால் நீர்மட்டத்தில் மெல்லிய படலமாக மிதக்கும், சரமாக வராது.

மூன்றாம் கிழமை: தொட்டிக்கு மேல் சாய்ந்த செவ்வரத்தைக் கிளையில் மரத்தவளையின் நுரைக்கூடு. வெளிப்பக்கம் காய்ந்து பொருக்காகும், உள்ளே ஈரம் நிற்கும். பிய்த்துப் பார்க்க வேண்டாம். நாலைந்து நாளில் பேத்தைகள் கீழே சொட்டும். கூடு தொட்டி விளிம்புக்கு வெளியே இருந்தால் மண்ணில் விழுந்து சாகும். அப்படிப்பட்ட கூட்டுக்கு நேர் கீழே ஒரு பேசின் வைத்தால் போதும்.

பெரிய பிழை செங்குத்தான சுவர். கால் முளைத்து வால் சுருங்கும்போது நுரையீரலால் மூச்செடுக்கத் தொடங்கும். ஏற இடமில்லாவிட்டால் தவளைக்குஞ்சு மூழ்கிவிடும். ஒரு செங்கல்லைச் சரித்து வைத்ததும் அது தீர்ந்தது. நுளம்புப் புழுவை நாலு நாளுக்கொருமுறை தேத்தண்ணி வடியால் அள்ள வேண்டும்; பேத்தை அதைத் தின்று தீர்க்கும் என்று நம்பினால் டெங்குதான் வரும்.

ஊர்வன தொட்டிப் பக்கமே முட்டையிட வரவில்லை, அவற்றுக்குத் தண்ணீர் தேவையுமில்லை. பல்லி முட்டை இரண்டு, கடினமான வெள்ளை ஓட்டோடு, மீற்றர்ப் பெட்டிக்குப் பின்னால். ஓணான் முட்டைக்கு ஓடு தோல்போல வளையும். வேலியோர மணலில் குழி தோண்டிப் புதைத்திருக்கிறது. அந்த ஓட்டினூடாகத்தான் கரு மூச்செடுப்பதால் குழியில் வெள்ளம் நின்றால் அழுகும். நாலு குச்சி நட்டு அடையாளமிட்டு, பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டியாகிவிட்டது.

இரவில் பார்க்கப் போனால் டோர்ச்சும் மூடிய சப்பாத்தும் கட்டாயம். தவளைக்கு வரும் விரியன் சருகுக்குள்தான் கிடக்கும்.