அப்பாவிடம் பணக் கணக்கைப் பற்றிப் பேசுவது

பிள்ளைகளின் சம்பளம் எவ்வளவு என்று பெற்றோர் கேட்பது நம் வீடுகளில் இயல்பான விஷயம். பெற்றோரின் பணம் எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும் அது சொத்தின் மேல் கண் வைத்ததாகப் படுகிறது. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம்பி வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு நிராதரவாக நின்றவர்களை ஒவ்வொரு ஊரும் பார்த்திருக்கிறது. பராமரிப்பதாக ஏற்றுக்கொண்ட நிபந்தனையின் பேரில் பெற்ற சொத்தை, பராமரிக்கத் தவறினால் தீர்ப்பாயத்தின் மூலம் ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழிசெய்ய வேண்டியிருந்தது என்றால், பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது என்றுதான் பொருள்.

ஆகவே, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவிடம் பேச்செடுத்தபோது முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். "பணமும் உங்களுடையது, முடிவும் உங்களுடையதுதான்பா. திடீரென்று உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால், எந்தக் கணக்கிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரியில் கட்டுவது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் போதும்." அண்ணனையும் அந்தப் பேச்சில் தொலைபேசி வழியே சேர்த்துக்கொண்டோம், ஏனென்றால் ஒரு பிள்ளை மட்டும் தனியே கேட்டுத் தெரிந்துகொண்டு, மற்றவர் அதைப் பிறகு கேள்விப்படும் வீடுகளில்தான் நல்ல எண்ணம்கூட மனத்தாங்கலில் போய் முடிகிறது.

பேச்சை எடுக்க நல்ல தருணத்தை நவம்பர் மாதமே தந்தது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாம் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் வாழ்வுச் சான்று கொடுக்கும் மாதம் அது; மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும். சான்று பதிவாகவில்லை, பென்ஷன் நின்றுவிடும், கைப்பேசிக்கு வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள் என்று அப்பாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவர் பேச்சைத் துண்டித்துவிட்டு, மறுநாள் காலை வங்கிக் கிளைக்கே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தார். அதைப் பாராட்டித்தான் நான் பேசத் தொடங்கினேன். "உங்களுக்கு வயதாகிவிட்டது" என்று தொடங்கியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார்.

டிஜிட்டல் கைது என்ற பெயரில் நடக்கும் மோசடியைப் பற்றி மட்டும் விரிவாகப் பேசினோம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்றோ, உங்கள் ஆதார் எண்ணை வைத்துக் கறுப்புப் பணம் கைமாறியிருக்கிறது என்றோ அழைப்பு வரும். பிறகு காவல் சீருடை அணிந்த ஒருவர் காணொளியில் தோன்றி, கேமராவை அணைக்கக் கூடாது, மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று மணிக்கணக்கில் உட்கார வைத்து, சரிபார்ப்பதற்காக என்று சொல்லிப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வார். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது; 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். வாழ்நாள் முழுவதும் ஒரு வழக்கிலும் சிக்காமல் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சீருடையைப் பார்த்ததும் வரும் பயத்தை அறிவுக் குறைவு என்று நினைப்பது பெரிய அநியாயம். "யாரிடமும் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும் உடனே வீட்டில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். பணம் போயே போய்விட்டாலும் யாரும் திட்ட மாட்டோம் என்று நானும் அண்ணனும் வாக்குக் கொடுத்தோம். இந்த வாக்கு மிக முக்கியம், ஏனென்றால் வெட்கத்தில் மறைக்கும் நேரத்தில்தான் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போய்விடுகிறது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே சொன்னால் போகும் வழியிலேயே அதை முடக்க வாய்ப்பு உண்டு. நம் அனுமதியில்லாமல் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணம் நம் கவனக்குறைவால் போனதாக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மின்கட்டணம் கட்டவும் டிக்கெட் எடுக்கவும் அப்பாவின் கணக்கைப் பயன்படுத்திவிட்டு, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கப்பா" என்று பல பிள்ளைகள் கேட்கிறார்கள். தொலைபேசியில் ஓடிபி சொல்வது சாதாரண விஷயம் என்ற பழக்கத்தை நாமே அவர்களுக்கு ஏற்படுத்துகிறோம். ஒருவரின் குரலையே போலியாக உருவாக்க முடிகிற இந்தக் காலத்தில், பெற்ற பிள்ளையே கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டு விதி. கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதியையும் மாதச் செலவுக்கான சிறிய கணக்கோடு மட்டும் இணைத்திருக்கிறோம். பென்ஷன் வரும் கணக்குக்கு அந்த வசதியே இல்லை.

அடுத்த நாள் அப்பா பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து அம்மாவின் எதிரில் பிரித்தார். ஒவ்வொரு எஃப்டி ரசீதின் மூலையிலும் முதிர்வுத் தேதி பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டப் பாஸ்புக் மட்டும் தனி உறையில் இருந்தது. அத்தனை ஒழுங்காக வைத்திருந்தும், அம்மா அவற்றில் எதையும் அதுவரை கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஒரு பழைய வைப்புக்கு நாமினியே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகின்றன. பிறகும் கேட்டுப் பெறலாம் என்றாலும், தனியாக இருக்கும் ஒரு மனுஷி எத்தனை முறை வங்கிப் படி ஏற வேண்டியிருக்கும் என்று அம்மாதான் கேட்டார். அந்த வைப்புக்கு நாமினியைப் பதிவு செய்தோம். பென்ஷன் கணக்கிலும் அம்மாவைச் சேர்த்து, இருவரில் எவரும் தனியே எடுக்கலாம் என்ற முறைக்கு மாற்றினோம்.

அப்பாவின் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் மனநலம் இழந்தாலே அந்த அதிகாரம் முடிந்துவிடும். அதாவது, மறதி நோய் முற்றிப் பிள்ளைகளுக்கு அந்தத் தாள் உண்மையிலேயே தேவைப்படும் காலத்தில் அது செல்லாது. பிறகு பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். கூட்டுக் கணக்கு, நாமினி, ஆவணங்களின் பட்டியல் ஆகியவற்றைப் பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே அவர்கள் கையாலேயே முடித்துவைக்கச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

உயில் விஷயத்தில் மட்டும் அப்பா இன்னும் பிடி கொடுக்கவில்லை. முத்திரைத்தாளும் பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும் என்று சொன்னபோது, "அதற்கென்ன இப்போ அவசரம்" என்றார். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், அதனாலேயே வாரிசாகிவிட மாட்டார் என்று விளக்கியதும் கொஞ்சம் யோசித்தார். நான் மேலும் வற்புறுத்தவில்லை. பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வரும்போது தாமே பேச்சை எடுப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.