பெட்டியைத் திறக்கும் கை

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் பதினோரு வருடம் ஸ்டோர் பார்த்தேன். சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு, குரோம் பவுடர், மிஷினுக்கு பெல்ட், பேரிங் என்று எது உள்ளே வந்தாலும் என் கையெழுத்தில்தான் வரும். முதலுதவிப் பெட்டிச் சாமான்கள், வாங்க வேண்டியதை எழுதும் இண்டென்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்புவேன். பஞ்சு ரோல், இரண்டு அங்குல பேண்டேஜ், பிளாஸ்திரி, டிங்சர். எந்தக் கடையில் விலை குறைவோ அந்தக் கடையில் வாங்குவேன்.

ஒரு வெயில் காலத்தில், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், தோலைச் சீவும் ஷேவிங் மிஷின் பக்கமிருந்து சத்தம் கேட்டது. மடங்கி மாட்டிக்கொண்ட தோலை இழுத்துவிடப் போன கையைச் சுழலும் பிளேடு பிடித்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் உள்பக்கம், நீளமான வெட்டு. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாய்லர் சுவர் ஓரத்தில் மாட்டியிருந்த பெட்டி அது. உள்ளே பிளாஸ்திரிகளின் பசை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. டிங்சர் காய்ந்துபோயிருந்தது. பஞ்சைக் கொத்தாகப் பிய்த்துக் காயத்தில் வைத்தேன். ஒரு நிமிடத்தில் ஊறிவிட்டது. எடுத்தேன், வேறு வைத்தேன். அதுவும் ஊறியது. இரண்டு அங்குல பேண்டேஜைச் சுற்றப் போனால் கை நடுங்கி ரோல் தரையில் விழுந்து, தோல் தண்ணீரில் நனைந்து ஓடியது.

தோலிலிருந்து சதையைச் சுரண்டும் ஃப்ளெஷிங்கில் வேலை செய்த வயதான பாய் ஒருவர் வந்து என்னை ஒதுக்கினார். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார். “இன்னா சார், எடுத்து எடுத்துப் பார்த்துக்கினே இருந்தா ரத்தம் எப்பிடி நிக்கும்? அமுக்கினு இருக்கணும்” என்றார். வேலூர் போய்ச் சேரும்வரை, வண்டி எவ்வளவு குலுங்கியும், அவர் கையை எடுக்கவில்லை.

ஆள் பிழைத்தார். காயத்தைச் சுத்தம் செய்த நர்ஸம்மா சின்ன இடுக்கியால் ஒவ்வொரு இழையாகப் பஞ்சைப் பிடுங்கி எடுத்ததை வாசலில் நின்று பார்த்தேன். ரொம்ப நேரம் எடுத்தது. “வெறும் பஞ்சை யாருங்க புண்ணுல வச்சது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது.

எங்களிடம் சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 150 தொழிலாளருக்கு ஒரு பெட்டியாவது வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றது. பெட்டிகளின் எண்ணிக்கை சரி, சான்றிதழும் சுவரில் தொங்கியது. அந்த நேரத்தில் பெட்டியைத் திறக்கப் போகிறவன் யார், அவன் கை எப்படி இருக்கும் என்றுதான் யாரும் யோசிக்கவில்லை. பட்டியல் எழுதிய நானும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் போய் ஐடா ஸ்கடர் சாலையில் இறங்கினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியிலும் சந்துகளிலும் சர்ஜிக்கல் கடைகள் நிறைய. வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக வங்காள எழுத்திலும் போர்டு வைத்திருப்பார்கள். ஒரு கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, நடந்ததைச் சொன்னேன். பெரியவர் ஒரு கேம்ஜி ரோலை எடுத்துப் பிரித்துக் காட்டினார். இரண்டு காஸ் துணிக்கு நடுவே பஞ்சு. 1880இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஜி என்ற அறுவை மருத்துவர் கண்டுபிடித்தது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நான் வைத்த அதே பஞ்சுதான். துணிக்கு உள்ளே இருந்தால் ரத்தத்தை உறிஞ்சும், இழை காயத்தில் ஒட்டாது. ஒரு மெல்லிய துணிதான் வித்தியாசம். அதை விரலால் தடவிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கல்லாவுக்கு முன்னால் நின்றேன்.

காஸ், பேண்டேஜ் பண்டலில் ஊர்ப் பெயரையும் பார்க்கச் சொன்னார் அவர். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார், இழை நெருக்கமாக இருக்கிறதா பார், கிருமிநீக்கம் செய்த தேதியும் காலாவதித் தேதியும் கவரில் இருக்கிறதா பார் என்றார். நான் அதுவரை விலையை மட்டும்தான் பார்த்து வந்தேன்.

வாங்கி வந்ததை எல்லாம் வீட்டில் வைத்துச் சோதித்தேன். என் மனைவிக்கு அந்த வாரம் முழுக்கக் கையிலும் தொடையிலும் கட்டுதான். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் எட்டு மடிப்புக் காஸ் எவ்வளவு தாங்குகிறது, கேம்ஜி பேட் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தேன். கையில் சோப்பு நுரையோடு கவரைக் கிழித்துப் பார்த்தேன். பாதிக் கவர்கள் கிழியவே இல்லை. வேலை நேரத்தில் எங்கள் ஆட்களின் கை ஈரமாகவும் வழவழப்பாகவும்தான் இருக்கும். அந்தக் கையால் திறக்க முடியாத டிரெஸ்ஸிங் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பிரஷர் பேண்டேஜ் என்று ஒன்று இருக்கிறது. தடித்த பேடும் இழுபடும் பட்டையும் சேர்த்தே தைத்திருப்பார்கள். பேடின் மேல் ஒரு பிளாஸ்டிக் கொக்கி. பட்டையை அதில் மாட்டி எதிர்ப்பக்கம் இழுத்தால், பாய் உள்ளங்கையால் கொடுத்த அதே அழுத்தம் காயத்தின்மேல் விழும். அடிபட்டவனே ஒரு கையால் கட்டிக்கொள்ளலாம். ரோல் கீழே விழுந்தாலும் பேட் கையிலேயே நிற்கும். கைக்கு நாலு அங்குலம், தொடைக்கும் தலைக்கும் ஆறு அங்குலம். ஒன்றின் விலைக்குப் பத்துப் பன்னிரண்டு சாதா ரோலர் பேண்டேஜ் வாங்கிவிடலாம். மேனேஜர் தயங்கினார். அவர் மேஜையிலேயே அவர் கையில் ஒன்றைக் கட்டிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

டூர்னிக்கேவில், அதாவது குச்சியால் திருகிக் கை, காலை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டையில், அவசரப்பட்டுவிட்டேன். ஆன்லைனில் மலிவாக வந்த ஒன்றை வாங்கி என் தொடையில் போட்டுத் திருகினால், மூன்றாவது சுற்றிலேயே குச்சி வளைந்தது. நிஜமாக ரத்தம் போகும்போது அப்படி வளைந்திருந்தால்? அதற்குப் பிறகு, பட்டை அகலமாக, குச்சி உறுதியாக இருப்பதை மட்டும், கையால் திருகிப் பார்த்துத்தான் எடுத்தேன். அமுக்கியும் நிற்காத கை, கால் காயத்துக்குத்தான் அது. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். கட்டிய நேரத்தை எழுத வேண்டும். அதனால் ஒரு மார்க்கர் பேனாவையும் கூடவே கட்டிவைத்தேன்.

ரத்தத்தைச் சீக்கிரம் உறையவைக்கும் காஸ் கிடைக்கிறது. கயோலின் என்ற களிமண் ஏற்றியது ஒன்று, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் சேர்த்தது இன்னொன்று. அக்குள், தொடை இடுக்கு மாதிரி டூர்னிக்கே போட முடியாத இடத்தில் காயத்துக்குள் திணித்து அமுக்க வேண்டும். நல்ல பொருள். ஆனால் அதற்கும் அமுக்கத் தெரிந்த கை வேண்டும். ஆகவே இரண்டே இரண்டு மட்டும் வாங்கி, பயிற்சி பெற்றவர் இருக்கும் அறையில் வைத்தோம். மீதிக் காசுக்குச் சாதா காஸ் தாராளமாக வாங்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் இதே வரிசையைத்தான் சொல்வேன்.

சுண்ணாம்பும் ஆசிடும் பட்டால் கட்டுப் பிறகுதான். பவுடராக ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிட்டு, அப்புறம் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர். பெட்டியிலிருந்த பர்னால், இங்க் பாட்டில், தலைவலி மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அந்தச் சட்டமே சொன்னது, குறிப்பிட்ட பொருள்களைத் தவிர வேறெதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது என்று. அதனால் பெட்டியைச் சட்டப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் ரத்தக் காயத்துக்கென்று ஒரு சிவப்புப் பை மாட்டினோம். மேலே கையுறை, அதன் கீழே பிரஷர் பேண்டேஜ், அடியில் காஸ். கத்தரிக்கோலைக் கயிறு போட்டுப் பையிலேயே கட்டினேன். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரக் காஸில் சுற்றி, கவரில் போட்டு, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும், விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. அதற்காக மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் கவர்களும் வைத்தோம். பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்து உலகத்தில் பேர் வாங்கிய வேலூர் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு விரல் கெட்டுப்போய் அங்கே போய்ச் சேரக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம்.

பாய்லர் சுவரிலிருந்து பெட்டியை எடுத்து டைம் ஆபீஸ் நிழலுக்கு மாற்றினோம். மே மாத வேலூர் வெயில் எந்தப் பசையையும் எலாஸ்டிக்கையும் விட்டுவைக்காது. ஸ்டாஃப் பஸ்ஸில் இருந்த பேண்டேஜை மாதாமாதம் பிரித்து இழுத்துப் பார்ப்பேன்.

ஷிஃப்டுக்கு நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம். லைட்டை அணைத்துவிட்டு, இடது கையால் மட்டும் கட்டச் சொல்வோம். ஃபினிஷிங் அக்காமார்தான் எல்லோரையும்விடச் சீக்கிரம் கட்டினார்கள். அதில் ஒரு அக்கா கேட்டார், “சார், கவரைப் பல்லால கடிக்கலாமா? கையில கெமிக்கல் இருக்குமே.” அதன் பிறகு, ஓரத்தில் வெட்டுவாய் இருக்கும் கவர் மட்டும்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அடிபட்டவர் இரண்டரை மாதம் கழித்து வந்தார். இரண்டு விரல் முழுசாக மடங்காது. எடை போடும் வேலைக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை காலையில் சிவப்புப் பையின் சீலைப் பார்க்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றார். “சார், சீலு அறுந்து கீது. ஆறு அங்குலம் ஒண்ணு இல்ல, கையுறையும் இல்ல.” ராத்திரி ஷிஃப்டில் காண்ட்ராக்ட் பையன் ஒருவனின் தொடையில் தகடு கிழித்திருக்கிறது. எங்கள் யாருக்கும் போன் வரவில்லை. மேஸ்திரியே கட்டிவிட்டு 108ஐ வரவழைத்திருக்கிறார். பையன் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு நன்றாக இருந்தான். நான் போய்ப் பார்த்தபோது கவர் மட்டும் தரையில் கிடந்தது. வெட்டுவாய் இருந்த ஓரத்தில், நேராகக் கிழிந்திருந்தது. அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து இண்டென்ட் நோட்டைத் திறந்து எழுதினேன்: பிரஷர் பேண்டேஜ், ஆறு அங்குலம், இரண்டு.