பலெர்மோவில நிமிர்ந்து பாக்க எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது

இத்தாலிக்கு வந்து முதல் ரெண்டு வருசமும் நான் பாத்தது நிலத்தைத்தான். துடைக்கிற நிலம், கூட்டுற படி, பஸ்ஸுக்கு ஓடுற ரோட்டு. மச்சாள் ஆக்கள் பல்லரோ மாக்கெற்றுக்குப் பின்னால ஒரு பழைய வீட்டில மூண்டாம் மாடியில இருந்தவை, அவையோடதான் நானும், விடியக் காலமையே கீழ சாமான் இறக்கத் தொடங்கிடுவாங்கள், பேந்து மத்தியானம் வரைக்கும் ஒரே கூவல். அந்தக் கூவலுக்கு இஞ்சத்த ஆக்கள் அப்பன்னியாத்தா எண்டு தனிப் பேரே வச்சிருக்கினம். கண்ணை மூடிக் கேட்டா எங்கட ஊர்ச் சந்தையில மீன் ஏலம் கூறுற மாதிரித்தான். பசிச்சா பனெல்லே. கடலை மாவைக் களி மாதிரிக் கிண்டி ஆறவிட்டு, மெல்லிசா வெட்டிப் பொரிச்சு, எள்ளுப் போட்ட பாணுக்குள்ள வச்சுத் தருவாங்கள். பச்சைமிளகாய் ஒண்டுதான் குறை, அதை நான் பையுக்குள்ள வச்சுக்கொண்டு திரிஞ்சன்.

பிறகு ஒரு வயசான சிஞ்ஞோராவைப் பாக்கிற வேலை கிடைச்சது. 86 வயசு, முழங்கால் ரெண்டும் ஏலாது, வாய் மட்டும் நல்லா ஏலும். ஒருநாள் கேட்டவ, "நீ லா சீசா பாத்தனியா?" இல்லை எண்டன். "கப்பெல்லா பலத்தீனா?" அதுவும் இல்லை. என்னைப் பாத்த பார்வை இருக்கே, பள்ளிக்கூடத்தில வீட்டுப்பாடம் செய்யாமப் போய் நிண்ட மாதிரி. அடுத்த ஞாயிறே சில்லுக் கதிரையில அவவை இருத்தித் தள்ளிக்கொண்டு போனன், இந்த ஊர் ரோட்டுக் கல்லுகளில அதைத் தள்ளினவைக்குத்தான் தெரியும் தோள்மூட்டு எப்பிடி நோகும் எண்டு.

லா சீசா எண்டுறது 12ஆம் நூற்றாண்டில, பிரான்ஸ் பக்கத்தில இருந்து வந்த நோர்மன் ராசாக்கள் வெய்யில் காலத்துக்குக் கட்டின மாளிகை. பேரே அரபு, அல் அஸீஸ் எண்டதுதான் திரிஞ்சு சீசா ஆகியிருக்கு. நடு மண்டபத்தில சுவரில இருந்து தண்ணி வடிஞ்சு நிலத்தில வாய்க்கால் மாதிரி ஓடுறதுக்கு வழி வெட்டி வச்சிருக்கு, அந்த ஈரக் காத்துத்தான் அப்பத்தய ஏசி. ஆனா நான் நிண்டுபோனது அதில இல்லை. உள்ளுக்கு ஒரு சின்னச் சலவைக்கல்லு இருக்கு, 1149ஆம் ஆண்டின்ர. கிரிசாந்தோ எண்ட ஒரு கிறிஸ்தவ குரு, தன்ர தாய் அன்னாவுக்கு வச்ச நினைவுக்கல்லு. நடுவில சிலுவை, சுத்திவர நாலு எழுத்து: லத்தீன், கிரேக்கம், அரபு, பிறகு எபிரேய எழுத்தில எழுதின அரபு. ஒவ்வொண்டும் தன்ர தன்ர கணக்கில ஆண்டு போட்டிருக்கு. அம்மா செத்த துக்கத்தை ஊரில இருக்கிற எல்லாரும் தங்கட எழுத்திலயே வாசிக்கோணும் எண்டு ஒரு மனுசன் நினைச்சிருக்கிறார். 1956இல ஒரு மொழிதான் எண்டு சட்டம் போட்ட நாட்டில இருந்து வந்தனான், எனக்கு அந்தக் கல்லுக்கு முன்னால என்னவோ செய்துது. சிஞ்ஞோரா ஒண்டும் கேக்கேல்ல, கைலேஞ்சியை மட்டும் நீட்டினவ.

பலத்தீனா எண்ட அரண்மனைக் கோயிலுக்கு நான் தனியத்தான் போனன். அரபுக்காரர் 831இல பிடிச்ச ஊரை நோர்மன்காரர் 1072இல பிடிச்சிருக்கினம், ஆனா பிடிச்சவன் இருந்தவனைக் கலைக்கேல்ல, வேலை வாங்கியிருக்கிறான். இரண்டாம் ரொஜேர் ராசா கட்டின அந்தக் கோயிலில சுவர் முழுக்கப் பொன் மொசைக், அது கிரேக்கத்துக் கைவேலை. கூரை மரம், தேன்வதை மாதிரிக் குழிகுழியா, முஸ்லிம் கலைஞர் செய்தது. கழுத்து முறியிற அளவுக்கு அண்ணாந்து பாக்கோணும். அவ்வளவு உயரத்தில என்ன கீறியிருக்கிறாங்கள் தெரியுமோ? வீணை மாதிரி ஒண்டு வாசிக்கிறவை, ஒட்டகத்தில போறவை, கோப்பை பிடிச்சுக் குடிக்கிறவை, ரெண்டு பேர் குந்தியிருந்து சதுரங்கம் விளையாடுறது கூட. கோயில் கூரையில குடியும் விளையாட்டும்! கீழ நிண்டு கும்பிடுற ராசாவுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் எண்டு யோசிச்சுச் சிரிச்சன், பக்கத்தில நிண்ட ஜேர்மன்காரி ஒரு மாதிரிப் பாத்தவ.

ஒரு விசயம், இஞ்ச சோத்து உருண்டைக்குள்ள இறைச்சி வச்சுப் பொரிக்கிறதை அரன்சீனா எண்டு சொல்லோணும், அரன்சீனோ எண்டு கத்தானியா ஊர்க்காரர் மாதிரிச் சொன்னீங்களோ துலைஞ்சீங்கள். குட்டித் தோடம்பழம் எண்டுதான் அர்த்தம். அந்த அரன்சா எண்ட சொல்லு அரபு நாரஞ்சில இருந்து வந்தது, அது சமஸ்கிருத நாரங்கத்தில இருந்து, அதுக்கும் பின்னால எங்கட நாரத்தங்காய் நிக்குது எண்டு சொல்லுற மொழி ஆராய்ச்சியாளரும் இருக்கினம். சிஞ்ஞோராவுக்கு இதைச் சொன்னன். நம்பேல்ல.

ஆனா இந்த ஊர் எங்கட தமிழ்ச் சனத்துக்குச் சொந்தமானது கல்லாலயோ கூரையாலயோ இல்லை, சாந்தா ரொசாலியா எண்ட புனிதையாலதான். 1624இல கொள்ளைநோய் வந்து சனம் செத்துக்கொண்டிருக்கேக்க, பெல்லெக்ரீனோ மலைக் குகையில அவவின்ர எலும்பை எடுத்து ஊரைச் சுத்திக் கொண்டுவர நோய் நிண்டது எண்டு நம்பிக்கை. ஊர்ச்சனம் செல்லமா சாந்துட்சா எண்டும். ஞாயிற்றுக்கிழமையில மேல போய்ப் பாருங்கோ, வேதக்காரர் மட்டுமில்லை, திருநீறு பூசின சைவ ஆக்களும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஏறிவருவினம். குகைக்குள்ள கூரையில இருந்து சொட்டுற தண்ணியை ஏந்தத் தகரப் பீலி பூட்டியிருக்கு, அது குறுக்கும் நெடுக்குமா எங்கட தலைக்கு மேல ஓடும். கீழ கண்ணாடிக்குள்ள பொன் உடுப்போட அவவின்ர சிலை சரிஞ்சு படுத்திருக்கு. அந்தக் குளிரும் மெழுகுதிரிப் புகையும் ஈரக்கல்லு மணமும், மூலஸ்தானத்துக்குக் கிட்ட நிக்கிற மாதிரியேதான், பொய்யில்லை.

போன செப்டெம்பர் நாலாம் திகதி திருநாளுக்கு, முதல்நாள் இரவே மச்சாளோட செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு பழைய கல்லுப் பாதையால ஏறினன். வரேக்க ஒரு சின்னப் போத்தலில தண்ணி கொண்டுவந்து குடுத்தன். சிஞ்ஞோரா அதை முழங்காலில தடவிக்கொண்டு கேட்டவ, "எனக்குக் கேட்டனியா, உன்ர பெர்மெஸ்ஸோ விசாவுக்குக் கேட்டனியா?"

ரெண்டுக்கும் கேட்டனான் எண்டன். "முதல்ல எது?" எண்டவ.