கேம் பாயில் 160 கோடும் வந்தாச்சு, பிஎஸ்பியின் பச்சைப் புள்ளி அசையவில்லை

முதலில் நல்ல செய்தி. சித்தப்பா மஸ்கட்டில் இருந்த காலத்தில் வாங்கி வந்த சாம்பல் நிற கேம் பாய், நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி, இப்போது முழுத் திரையோடு ஓடுகிறது. டிஎம்ஜி-01, 1989இல் வெளிவந்த முதல் மாடல். இடது பக்கம் ஒரு கொத்து, நடுவில் அங்கங்கே ஒன்றிரண்டு என்று காணாமல் போயிருந்த நெடுக்குக் கோடுகள் எல்லாம் திரும்பிவிட்டன. டெட்ரிஸ் கட்டை விழும்போது அதன் நடுவே வெளிறிய கீறல் தெரியத் தெரிய ஆடியவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

கெட்ட செய்தி பிஎஸ்பி, சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி. அதைப் பிறகு புலம்புகிறேன்.

கேம் பாயை முதலில் மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடையில்தான் காட்டினேன். கடைக்கார அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காம்போ கிடைச்சா மாத்தித் தரலாம் மக்கா, இதுக்கு எங்க போயி தேட?" என்றார். காம்போ என்றால் டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த செட். போன் கணக்குப்படி அது சரி. போனில் டிஸ்ப்ளே போனால் மாற்றுவதைத் தவிர வழி இல்லை. கேம் பாய் திரையின் சங்கதி வேறு. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி டிரான்சிஸ்டர் கிடையாது. நெடுக்கில் 160 தடம், குறுக்கில் 144 தடம், இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு புள்ளி, ஆகமொத்தம் 23,040. அதனால் ஒற்றைப் புள்ளி தனியாகச் சாவது அபூர்வம். கண்ணாடிக்குப் போகும் ரிப்பனில் (நாடா மாதிரி தட்டையான கேபிள்) ஒரு தடம் பிடி விட்டால் அதில் தொங்குகிற 144 புள்ளிகளும் ஒரேயடியாகப் போய்விடும். பிடி விட்டதுதான் நோய் என்றால் மறுபடி பிடிக்க வைக்கலாம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கழற்றுவதைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒய் டைப் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், இரண்டு போர்டுக்கும் நடுவில் இருக்கும் ரிப்பனை நேராக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். என் நேரம் எல்லாம் போனது கண்ணாடியின் அடி விளிம்பில் இருக்கும் அந்த ஒரு பட்டையில். அதன் மேல் மூடியிருக்கும் காப்புப் பட்டையை மெல்லப் பிரித்தால் ரிப்பன் தெரியும். அது கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் இடத்தில்தான் சால்டரிங் அயர்ன் வைத்துச் சூடு காட்ட வேண்டும்.

இதற்கான வீடியோக்களில் "அப்படியே ஒரு இழு இழுங்கள், சரியாகிவிடும்" என்று இரண்டு நொடியில் முடித்துவிடுகிறார்கள். நடப்பது வேறு. சாதா 25 வாட் அயர்ன் கடையில் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாததால் இந்த வேலைக்கு அது எமன். ரிப்பன் சுருண்டுவிட்டால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. டிகிரி வைக்கிற சால்டரிங் ஸ்டேஷன்தான் வேண்டும். நான் 200இல் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினேன். 230 வரும்போதுதான் முதல் கோடு கண் திறந்தது. டிப் தட்டையாக இருக்க வேண்டும், அதில் ஈயம் துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. ரிப்பன் மேல் சூடு தாங்கும் மஞ்சள் டேப் ஒன்று ஒட்டிக்கொண்டு அதற்கு மேலேதான் அயர்னை ஓட்டினேன். டேப் சூட்டைக் கொஞ்சம் தின்னும், பரவாயில்லை. கை ஒரு நொடி நின்றுவிட்டாலும் ரிப்பன் பிழைக்கும்.

வேலை நடக்கும்போது கேம் பாய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதிலும் கான்ட்ராஸ்ட் சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து. திரை முழுவதும் கறுத்துப் போகும், செத்த கோடு மட்டும் வெளிறித் தெரியும். எந்த இடத்தில் அயர்ன் வைக்க வேண்டும் என்று தேடவே வேண்டாம்.

பலரும் பாதியில் கைவிடுகிற இடம் இனிமேல்தான். சூடு பட்டதும் கோடு வந்துவிடும். அயர்னை எடுத்து, சூடு ஆறியதும் மறுபடி போய்விடும். சூடு மட்டும் பற்றாது என்பதுதான் காரணம். இந்த வகை ஒட்டுக்குச் சூடும் வேண்டும், அழுத்தமும் வேண்டும், அதுவும் ஆறி முடிகிற வரைக்கும் அழுத்தம் விடக் கூடாது. அயர்னை எடுத்த கையோடு ஐஸ் குச்சியின் தட்டை முனையில் ஒரு ரப்பர் துண்டு ஒட்டி அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விரலால் அழுத்தினால் அழுத்தம் சீராக விழாது, சூடும் சுடும். குச்சி பிடிக்க ஆரம்பித்த பிறகு வந்த கோடுகள் போகவே இல்லை. ஒரு இடத்தில் மட்டும், வலது பக்கம், ஒரு கோடு வந்து பக்கத்துக் கோடு போனது. அதையும் சேர்த்து அகலமாக அழுத்தியதும் இரண்டும் நின்றன.

குறுக்குக் கோடு போயிருந்தால் இந்த வித்தை எடுபடுவது கஷ்டம். அதன் ஒட்டு கண்ணாடியின் பக்கவாட்டில் இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் போகவில்லை, தப்பித்தேன்.

நடுவில் மழை. குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் அடித்துக் கொடுக்கும். வயலுக்கு நல்லது, போர்டுக்கு நல்லதல்ல. கரண்ட் போனால் அயர்ன் ஆறிவிடும், மறுபடி முதலில் இருந்து. தக்கலையில் நண்பன் வீட்டில் இருக்கும் இதே மாடலில் பேட்டரி ஸ்பிரிங் பளபளவென்று இருக்கிறது. குளச்சலில் எங்கள் வீட்டில் கடல் காற்றுபட்டு நான்கு பென்சில் செல் போடுகிற இடத்தில் பச்சைக் களிம்பு. வினிகரில் தோய்த்த பட்ஸ் வைத்துத் தேய்த்து எடுத்தேன். இப்போது பெட்டி முழுக்கச் செருப்புக் கடை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். அம்மா தூக்கிப் போடப் பார்க்கிறார், நான் மறைத்து வைக்கிறேன்.

சரி, பிஎஸ்பி.

3000 மாடல், நாகர்கோவிலில் ஒருவரிடம் பழசாக வாங்கியது. நடுவில் இருந்து கொஞ்சம் மேலே ஒரு பச்சைப் புள்ளி, எப்போதும் எரிகிறது. வாங்கும்போது வெள்ளைப் பின்னணி மெனுவைக் காட்டினார், வெள்ளையில் பச்சை எரிந்தாலும் தெரியாது. பழசு வாங்குகிறவர்கள் 480×272 அளவில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து படங்களை கம்ப்யூட்டரில் பெயின்ட்டில் செய்து மெமரி ஸ்டிக்கில் போட்டுக்கொண்டு போங்கள். கடைசிப் படம் கறுப்பாக இருந்தால் போதும், குற்றவாளி தானாக எழுந்து நிற்பான். என் புள்ளி கறுப்பில் பச்சை, சிவப்பில் மஞ்சள், நீலத்தில் வெளிர் நீலம். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் புள்ளிகள் உண்டு. பச்சைத் துணைப் புள்ளி திறந்தே கிடக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். தூசியா புள்ளியா என்று சந்தேகம் வந்தால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். தூசி மேல் கண்ணாடியில் இருந்தால் படத்தை விட்டு விலகித் தெரியும், புள்ளி படத்தோடு ஒட்டியே நிற்கும். நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்க்கிற லூப் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் பார்த்தால் மூன்று குட்டிச் செவ்வகங்களில் நடுவில் ஒன்று மட்டும் விடாமல் எரிவது துல்லியமாகத் தெரிகிறது.

இங்கே கேம் பாய் வைத்தியம் பலிக்காது. இது டிஎஃப்டி, அதாவது ஒவ்வொரு துணைப் புள்ளிக்கும் தனி டிரான்சிஸ்டர் வைத்த திரை. 1,30,560 புள்ளிக்கும் மும்மூன்று டிரான்சிஸ்டர், ஏறக்குறைய 3.9 லட்சம், எல்லாம் கண்ணாடிக்குள் பதிந்தவை. ஒன்று கெட்டால் அந்த ஒன்றோடு போகும், ஆனால் உள்ளே கை வைக்க முடியாது. கெட்ட டிரான்சிஸ்டர் வெளிச்சமாகத் தெரியுமா இருட்டாகத் தெரியுமா என்பது பேனலைப் பொறுத்தது. டிஎன் பேனலில் மின்னழுத்தம் இல்லாவிட்டால் வெளிச்சம் கடந்து வரும், ஐபிஎஸ் பேனலில் அடைபடும். செத்த கறுப்புப் புள்ளியைவிட எரிகிற புள்ளி ரொம்ப எரிச்சல். இரவுக் காட்சி வரும் ஆட்டத்தில் கண் அங்கேயேதான் போகும்.

கலர் மாற்றி மாற்றி மின்னுகிற வீடியோவை ராத்திரி முழுக்க ஓட விட்டேன். மெல்லிய துணி சுற்றிய விரலால் தடவிக் கொடுத்தேன். புள்ளி அப்படியே. நசுக்கி நசுக்கிச் சரி செய்தேன் என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த அழுத்தத்தில் பக்கத்துப் புள்ளிகள் போகாமல் இருந்தால் அது அதிர்ஷ்டம்தான்.

இத்தனை புள்ளி கெட்டால்தான் குறை என்று ஒரு கணக்கு இருந்தது. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரத்தில், இரண்டாம் வகுப்பு என்றால் 10 லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்தது 2, துணைப் புள்ளிக் கோளாறு 5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அது மேசை மானிட்டருக்குப் போட்ட கணக்கு. பிஎஸ்பி அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், ஒரு துணைப் புள்ளிகூடத் தேறவில்லை. பழசு வாங்கியவனுக்கு இதை வைத்து யாரிடம் சண்டை போட முடியும்?

மாற்று டிஸ்ப்ளே ஆன்லைனில் வரவழைத்தேன். "ஏ கிரேடு" என்று போட்டிருந்தார்கள். வந்ததில் இடது மூலையில் கறுப்புப் புள்ளி. திருப்பி அனுப்பினேன், அடுத்தது ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. அதையும் அனுப்பியாயிற்று. இனிமேல் சென்னை போகும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிஎஸ்பியைக் கையோடு கொண்டு போய், ரிப்பன் மாட்டி, ஐந்து படத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பது. பாதுகாப்பு பிலிமைப் பிரிக்காமல் பாருங்கள், பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

கேம் பாயிலும் வேலை முடியவில்லை. மேல் லென்ஸ் இன்னும் ஒட்டவில்லை, ஏனென்றால் போலரைசர் பிலிம் (திரையில் ஒளியை வடிகட்டும் தாள்) ஒரு மூலையில் பழுத்து நிற்கிறது. புதுசுக்கு அலைய வேண்டியதில்லை என்று தெரிந்தது. வெயிலில் நின்று கறுத்துப் போன பைக் டிஜிட்டல் மீட்டர்களுக்கு மாற்றி ஒட்ட இதே பிலிமைத்தான் விற்கிறார்கள். வடசேரிப் பக்கம் மீட்டர் வேலை பார்க்கிற ஒருவரிடம் ஒரு துண்டு கேட்டிருக்கிறேன். கோணம் பார்த்து வெட்ட வேண்டும், 90 டிகிரி மாறி ஒட்டினால் படம் நெகட்டிவ் ஆகிவிடும். அப்புறம் யோசித்தால், நெகட்டிவ் ஆக்கி, ஒரு 74எச்சி04 சிப் போட்டு சிக்னலையும் தலைகீழாக்கினால் கான்ட்ராஸ்ட் கூடும், பின்னால் பேக்லைட்டும் வைக்கலாம். அதற்குப் பின்பக்கப் பிரதிபலிப்புத் தாளை உரிக்க வேண்டும். உரிக்கும்போது கண்ணாடி வளைந்தால் ஒட்டிய 160 கோடும் மறுபடி என் தலையில். சிப் ஆர்டர் போட்டுவிட்டேன். உரிப்பது பற்றி சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.