தண்டுவட ரத்தக்குழாய் இமேஜிங்: வைவாவுக்கு படிக்கிறவங்களுக்கு என் அனுபவம்

பிஎச்டி வைவா (வாய்மொழித் தேர்வு) முடிச்சுட்டேன், டாபிக் உயிரோட இருக்கிற சுண்டெலியோட தண்டுவடத்துல ரத்தக்குழாய்களை டூ போட்டான் மைக்ராஸ்கோப்ல (ரெண்டு ஒளித்துகள் ஒண்ணா சேர்ந்து சாயத்தை ஒளிர வைக்கற லேசர் மைக்ராஸ்கோப்) பாக்கறது. இதே ஏரியால இருக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

முதல் கேள்வியே, "மூளையில நல்லா வருதே, தண்டுவடத்துல மட்டும் ஏன்பா கஷ்டம்?" நான் லேசர், டிடெக்டர்னு ஆரம்பிச்சேன், கேள்வி கேட்ட எக்ஸாமினர் மேடம் பாதியிலயே நிறுத்திட்டாங்க. அவங்க கேட்டது மூச்சை பத்தி. எலி மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்கும், கூடவே முதுகெலும்பும் ஆடும், நாம தேடற கேப்பிலரியோ (ரொம்ப சின்ன ரத்தக்குழாய்) சுமார் 5 மைக்ரான், ஒவ்வொரு மூச்சுக்கும் ஃபோகஸ விட்டு போயிரும். ரெண்டாவது காரணம், மூளையில மேல இருக்கறது கிரே மேட்டர் (நரம்பு செல் நிறைய இருக்கற சாம்பல் பகுதி), இங்க வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பகுதி, அதுல நரம்பு இழைகளை சுத்தி இருக்கற மயலின் கொழுப்பு ஒளியை சிதறடிச்சிடும், அதனால ரொம்ப ஆழம் போக முடியாது. இந்த ரெண்டையும் சொல்லிட்டு அப்புறம் லேசருக்கு வாங்க.

ஹிஸ்டரி கொஞ்சம் போதும். 1990ல அமெரிக்காவோட கார்னெல் யுனிவர்சிட்டில டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூணு பேரும் டூ போட்டான் மைக்ராஸ்கோப்ப கொண்டு வந்தாங்க, 2012ல அதே கார்னெல்ல இருந்துதான் எலி முதுகுல சின்ன சேம்பர் வச்சு வாரக்கணக்கா ஒரே இடத்தை பாக்கற முறையும் வந்துச்சு.

ரத்த வேகத்தை அளக்கற லைன் ஸ்கேன் மட்டும் கையால வரைஞ்சு பழகுங்க, ப்ளீஸ். டெக்ஸ்ட்ரான்ல (பெரிய சர்க்கரை மூலக்கூறு) ஒட்டின ஒளிரும் சாயம் பிளாஸ்மாலதான் (ரத்தத்தோட திரவப் பகுதி) இருக்கும், சிவப்பணுக்குள்ள போகாது, அதனால சிவப்பணு கறுப்பா தெரியும். குழாய் நீளத்துக்கு ஒரே கோட்டை திரும்பத் திரும்ப ஸ்கேன் பண்ணி ஒண்ணுக்கு கீழ ஒண்ணா அடுக்கினா கறுப்பு கோடுகள் சாய்வா வரும், அந்த சாய்வுதான் வேகம். 50 மில்லிசெகண்ட்ல 50 மைக்ரான் நகர்ந்தா செகண்டுக்கு 1 மில்லிமீட்டர். எனக்கு போர்டுல இதைத்தான் போட சொன்னாங்க.

சர்ஜரியை முதல்ல இறந்த எலியில பழகுங்க, உயிருள்ள பிராணியில கத்துக்கறது நியாயமே இல்ல. எலும்பை எடுக்கும்போது நடுவுல ஓடற பெரிய வெயின் மேல கருவி படவே கூடாது. எனக்கு ஒரு தடவை பட்டுச்சு, ரத்தம் ஜன்னல் (எலும்பை எடுத்த இடத்துல வைக்கற கண்ணாடி) முழுக்க பரவி ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சிக்கிச்சு, படம் மொத்தமும் இருட்டு.

மயக்கத்துல இருக்கும்போது உடம்பு சூடு, மூச்சு எண்ணிக்கை ரெண்டையும் நேரத்தோட நோட்புக்ல எழுதுங்க, ரெண்டும் மாறினா ரத்த ஓட்டமும் மாறும். வைவால மேடம் அந்த பக்கத்தைதான் திறந்து காட்ட சொன்னாங்க.