காயாத கடதாசியும் எட்டாம் பாடவேளையும்

வோட்டர் கலர் சொல்லித் தருகிறவர்கள் "முதல் பூச்சைப் பத்து நிமிடம் காயவிடுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஜூலை மாதத்து மஸ்கெலியாவில் அந்தப் பத்து நிமிடம் ஒரு மணித்தியாலம். தூறல் விடாத நாளென்றால் அதற்கும் மேலே. பாடவேளையோ நாற்பது நிமிடம். பாடசாலையில் சித்திரம் படிப்பித்துக்கொண்டு, வீட்டில் தன் ஓவியத்தையும் கைவிடாமல் இருக்கப் பார்க்கிறவருக்கு மலையகத்தில் முதலில் இடிக்கிற கணக்கு இதுதான்.

"வரைய நேரமே கிடைக்குதில்லை" என்பது ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கிற பேச்சு. கூட்டிப் பார்த்தால் நேரம் இருக்கும். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடுகிறது. பஸ் பிடித்து, தோட்டத்து ரோட்டில் ஏறி வீடு சேர மூன்று மணி. நாலு மணிக்குப் பனி இறங்கினால் வெளிச்சம் போய்விடும். விடியலில் முக்கால் மணி, மாலையில் ஒரு மணி, இரவில் இன்னொன்று என்று நேரம் துண்டு துண்டாகத்தான் கையில் வரும். துண்டு நேரத்தை வைத்துக்கொண்டு முழு நாள் கேட்கிற வேலையைத் தொடங்குவதுதான் பலர் விடுகிற பிழை. எந்த ஊடகம் என்பதை ஆசையிடம் மட்டும் கேட்டு முடிவு செய்ய முடியாது. நேரசூசியையும் மழையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

லினோ வெட்டு, அதாவது லினோலியத் தகட்டைக் கத்தியால் வெட்டி அச்செடுப்பது, இதற்கு நன்றாகப் பொருந்தும். எந்தக் கோட்டிலும் நிறுத்தலாம். கத்தியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து வந்தாலும் வேலை கெடாது. குளிரில் லினோ விறைத்து ஓரம் உடையும். சுடுநீர்ப் போத்தலை ஐந்து நிமிடம் மேலே வைத்தால் கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும். பேனாவும் மையும், பென்சில், ஒயில் பேஸ்டல் எல்லாம் இதே வகைதான். எண்ணெய் வர்ணம் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு காய்வது. குளிரில் அது இன்னும் மெதுவாகும். தட்டில் குழைத்த நிறம் அடுத்த நாளும் ஈரமாக இருப்பது ஆசிரியருக்கு வசதிதான். ஆனால் இரண்டே காம்பராவில் பிள்ளைகளோடு இருக்கிற வீட்டில் டர்பன்டைன் வாசத்தை எங்கே வைப்பது? அக்ரிலிக் சீக்கிரம் காயும் என்று நம்பி எடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 10 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் படலம் சரியாகச் சேர்ந்து இறுகாது. ஜனவரியில் உறைபனி விழுகிற நுவரெலியா இரவில் பூசினால், பின்னால் வெடிப்பும் மாவுபோல் உதிர்வதும் வரலாம்.

மழையும் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே நாட்களில் பண்டாரவளை, எல்ல, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். அங்கே மழை ஒக்டோபருக்குப் பிறகு. ஆகஸ்ட் விடுமுறைக்கென்று பெரிய வோட்டர் கலர் வேலையை ஒத்திவைப்பது பண்டாரவளை ஆசிரியருக்குச் சரி, மஸ்கெலியா ஆசிரியருக்கு வீண். மேற்குச் சரிவில் இருப்பவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காய்ச்சல், அதாவது ஈரமில்லாத காலம். அந்த மூன்று மாதத்தில் பாடசாலையில் என்ன நடக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஈரத்தில் வோட்டர் கலரை விடவே மாட்டேன் என்பவர் கடதாசியை இழுத்து ஒட்டப் பழக வேண்டும். 300 ஜீ.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 300 கிராம்) கடதாசியைச் சுத்தமான தண்ணீரில் ஐந்து முதல் எட்டு நிமிடம் ஊறவிட்டு, ஒரு மூலையில் பிடித்துத் தூக்கி, சொட்டு நிற்கும்வரை வைத்திருக்க வேண்டும். பலகை 12 மில்லிமீற்றர் பிளைவுட். இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பூசாத பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளைந்துவிடும். தண்ணீர் தொட்டு ஒட்டுகிற பழுப்புக் கடதாசி டேப், ஐந்து சென்டிமீற்றர் அகலம். பாதி கடதாசியில், பாதி பலகையில். டேப்பை வாளிக்குள் முக்கினால் பசை கழுவுப்பட்டுப் போகும், ஈரப் பஞ்சால் ஒரு தடவை இழுத்தால் போதும். பிறகு பலகையைத் தரையில் கிடையாக விட வேண்டும். சுவரில் சாய்த்தால் தண்ணீர் கீழே இறங்கி, மேல் ஓரம் முதலில் சுருங்கி, நடு இரவில் "டப்" என்று டேப் பிய்யும். அவசரத்துக்கு அடுப்புப் பக்கம் வைத்தாலும் கதை இதுதான்: சூடு பட்ட மூலை மட்டும் இழுக்கும். மற்ற இடங்களில் ஒரு இரவு போதுமான காய்ச்சலுக்கு இங்கே ஒன்றரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி பின்னேரம் ஒட்டினால் ஞாயிறு காலை கை வைக்கலாம்.

காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை வைக்கச் சொல்வார்கள். குளிர்ந்தால் ஈரம், குளிராவிட்டால் காய்ச்சல் என்பது விதி. மலைக் குளிரில் காய்ந்த கடதாசியும் சில்லென்றுதான் இருக்கும். அதனால் ஓவியம் தீட்டாத அதே கடதாசித் துண்டொன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே குளிர் என்றால் அடுத்த பூச்சுக்குப் போகலாம். பாதி காய்ந்த பூச்சில் தண்ணீர்த் தூரிகை பட்டால் நிறம் பூக்கோவா மாதிரி விரிந்து கறையாகும். இங்கே பாதி காய்ந்த நிலையே நீண்ட நேரம் நீடிப்பதால், அந்தக் கறைக்கு வாய்ப்பும் அவ்வளவுக்குக் கூட.

இதையே முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் கொடுக்க ஐந்து நிமிடம், கழுவி அடுக்கப் பத்து நிமிடம், மிச்சம் இருபத்தைந்து. ஈரத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் அடுத்த நாள் எல்லாம் ஒரே அட்டை. வகுப்புக்குக் குறுக்கே இரண்டு கயிறு, உடுப்புக் கிளிப் நாற்பது, நாலு பிள்ளைகளுக்கு ஒரு பால்மா டின் தண்ணீர் என்பதே போதுமான ஏற்பாடு. மழை மாதத்தில் பேஸ்டலும் ஒட்டுச் சித்திரமும், காய்ச்சல் மாதத்தில் வோட்டர் கலர் என்று வருடத் திட்டத்தையே மாற்றி எழுதலாம். இரட்டைப் பாடவேளையை அதிபரிடம் கேட்டு வாங்குவது, வர்ணம் கேட்டு வாங்குவதைவிடப் பெரிய உதவி.

நிறங்கள் இல்லாத வகுப்பில் தேயிலைச் சாயம் கைகொடுக்கும். கடும் சாயத்தில் துருப்பிடித்த ஆணிகளை இரண்டு மூன்று நாள் போட்டு வைத்தால், சாயத்திலுள்ள தனின் இரும்போடு சேர்ந்து சாம்பல் கறுப்பு மையாகும். வெறும் சாயம், இரட்டைச் சாயம், ஆணிச் சாயம் என மூன்று தொனி கிடைத்தால் ஒளியும் நிழலும் படிப்பிக்க வேறென்ன வேண்டும்? ஆனால் அதே சாயத்தில் தீட்டிய படத்தை விற்கும்போது வாங்குகிறவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். வெயிலில் நிறம் மாறும். இரும்புச் சாயம் காலப்போக்கில் கடதாசியையே அரிக்கும். ஈரச் சுவரில் மாட்டினால் பூஞ்சணம் முதலில் பிடிப்பதும் அதில்தான். சாயத்தின் இந்தக் குணத்தையே பொருளாக எடுத்து ஆழமாக வேலை செய்கிற மலையக ஓவியர்கள் இருக்கிறார்கள், அது வேறு. தெரியாமல் செய்வதுதான் பிரச்சினை.

இனி ஜனவரி முதல் மார்ச் வரையான அந்த மூன்று மாதம். ஓவியரின் நேரத்தைக் கற்பித்தல் தின்பதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அதைத் தின்பது அலங்காரம். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, பிறகு பரிசளிப்பு, ஆசிரியர் தினம், வாணி விழா. ஒவ்வொன்றுக்கும் பனர், வரவேற்புப் பலகை, மேடைப் பின்னணி, ரெஜிபோம் (வெள்ளை நுரைத் தட்டு) எழுத்து. "சேர் அஞ்சு நிமிசத்தில கீறிக் குடுப்பார்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்றுக்கு எமல்ஷன் இரண்டு பூச்சு வேண்டும். பனிக் காலத்தில் ஒவ்வொன்றும் காய ஓர் இரவு. எழுத்துக்குக் கோடு போட இரண்டு மணித்தியாலம், நிறம் கொடுக்க நாலு. மூன்று நாள் வேலை. இந்தக் கணக்கைக் கோபமாகச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி, தவணை தொடங்கும் கிழமையிலேயே அதிபரிடம் கொடுப்பது நல்லது: "பலகை வேலைக்குப் பத்து நாள் முன்னறிவிப்பு; தவணைக்கு மூன்று பலகை." பெரும்பாலான அதிபர்கள் மறுப்பதில்லை. அவர்களுக்கு இதுவரை யாரும் கணக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வருடம் போடாத துணிப் பின்னணி ஒன்றும், தடித்த அட்டையில் வெட்டிய எழுத்து அச்சுத் தொகுதி ஒன்றும் ஒருமுறை செய்து வைத்தால் பல வருடம் ஓடும். சித்திர மன்றத்துப் பிள்ளைகள் அச்சை வைத்து நிறம் ஒற்றட்டும். ரெஜிபோமில் நேரே ஸ்பிரே பெயின்ட் அடிக்க விடக்கூடாது. அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைக் கரைத்து, எழுத்து பூச்சி அரித்ததுபோலாகும். முதலில் எமல்ஷன், பிறகுதான் மற்றது. சூட்டுக் கம்பியால் வெட்டுகிற புகை நல்லதல்ல. யன்னலைத் திறந்து வைத்து, பெரியவர்தான் வெட்ட வேண்டும்.

இன்னொரு இழப்பு உடனே கண்ணில் படாது. வருடக் கணக்காகக் கரும்பலகைக்கு முன்னால் அதே பானை, அதே மூன்று கத்தரிக்காய், மடித்த துணி என்று செய்து காட்டிக்கொண்டே இருந்தால், கைக்கு ஒரு செய்துகாட்டல் பழக்கம் வந்துவிடும். ஓரம் தெளிவு, நிழல் வலப்பக்கம், பத்து நிமிடத்தில் முடிவு. பிள்ளைகள் "ஆ" என்பார்கள். வீட்டில் சொந்தப் படத்திலும் அதே கை வேலை செய்யத் தொடங்கும்போதுதான் ஆபத்து. பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்தாலும் இது தெரியும்: மலைச் சரிவிலேயே பிறந்த பிள்ளை இரண்டு முக்கோணம் கீறி நடுவில் சூரியனை வைக்கிறது. யன்னலுக்கு வெளியே இருப்பது அதுவல்ல. தேயிலை நிரைகள் சரிவின் வளைவோடு போகின்றன, கிரவிலியா மரங்களின் பச்சை தூரப் போகப் போக நீலமாகிப் பனியில் கரைகிறது. செய்து காட்டுவதற்குப் பதிலாக, பிள்ளைகளோடு ஆசிரியரும் அந்த யன்னலைப் பார்த்துத் தடுமாறித் தடுமாறி வரையலாம். திகதி போட்டு வைத்தால் அந்தத் தாள்கள் அவருடைய சொந்தப் படத்துக்கும் ஆதாரமாகும்.

கோட்பாட்டுப் பாடமும் அப்படித்தான். கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொறுவை விகாரையின் சுவரோவியங்களைப் பரீட்சைக் குறிப்பாக மனப்பாடம் செய்விப்பவர்கள் ஒருமுறை குறிப்புக் கொப்பியோடு போய் நின்று பார்க்க வேண்டும். சிவப்புத் தளத்தில், தூரத்தைச் சிறிதாக்கிக் காட்டும் தூரநோக்கு இல்லாமல், வெஸ்ஸந்தர ஜாதகக் கதை பட்டி பட்டியாக நகர்கிறது. அதே ஆள் அடுத்தடுத்த காட்சியில் மறுபடி வருகிறார். லயத்து வாழ்க்கையை ஒரு நீளப் படத்தில் சொல்ல நினைக்கிற ஓவியருக்கு, 1901இல் கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் கோடுகளைப் போலவே இந்தப் பட்டிகளும் பக்கத்து வீட்டுப் பாடம்.

விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எல்லவிலும் நுவரெலியாவிலும் சுற்றுலாக்காரர் வாங்குவது பெட்டிக்குள் அடங்குகிற அளவு, பிரேம் இல்லாமல். அவர்கள் கேட்பது சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கிற பெண். கேட்டதை வரைந்து கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் கூடைக் கயிறு தலையில் எங்கே அழுத்துகிறது, இடுப்பில் படங்குத் துணி எப்படிக் கட்டப்படுகிறது என்பதையாவது பிழையில்லாமல் வரையலாமே. அம்மாவோ அத்தையோ கட்டியதுதானே அது. தன் வகுப்புப் பிள்ளையிடம் காசு வாங்கிச் சித்திர வகுப்பு நடத்துவதைவிட, இந்தச் சின்னப் படங்கள் மரியாதையான வருமானம்.

கொழும்பில் 1993இல் தொடங்கிய கலாபொல என்ற ஓவியச் சந்தை, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் திறந்தவெளியில் நடப்பது. வழமையாக அது வருவதும் வருடத் தொடக்கத்தில், இல்ல அலங்காரம் உச்சத்தில் இருக்கிற நாட்களில்தான். போக நினைப்பவர் படங்களை டிசம்பர் விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும். கட்டுவதற்கு வெயில் நாளைப் பார்க்க வேண்டும். பனிக்காலை ஈரத்தோடு பொலித்தீனில் சுற்றினால், கடதாசி குடித்த ஈரம் உள்ளேயே வியர்த்துப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் வரும். முதலில் சுத்தமான வெள்ளைக் கடதாசி, அதற்கு மேல் அட்டை, கடைசியில்தான் பொலித்தீன். கண்ணாடி போட்ட படமென்றால் ஓரத்தைச் சுற்றி மவுண்ட் போட் என்ற தடித்த அட்டை வைத்து, கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் இடையில் மூன்று மில்லிமீற்றராவது விட வேண்டும். முடியாத படமொன்று வீட்டில் நின்றால், அதன் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டே வரி: அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்த இரண்டு நிறத்தைக் குழைத்தது. விளையாட்டுப் போட்டி முடிந்து திரும்பும்போது கைக்கு அது போதும்.