நாற்பது சோகி ஒரு கோவை

சேர் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் ஒரு விடியப்புறம் வந்தது. அரை மணித்தியாலத்துக்குள் கும்பிடு கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் தன் மகளின் கலியாண மண்டபப் படத்தைப் போட்டார். குழு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மலர்க் குழுத் தம்பி மட்டும் விடவில்லை. "அண்ணை, சேரிட்ட வரலாறு படிச்சவை இஞ்ச நீங்கள்தான் மிச்சம். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார்.

மாமரம், பிரம்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். சேரைப் பற்றி எழுத இருந்தால் எனக்கு அடிமை வணிகம்தான் வருகிறது.

எண்ணெய்க் காசு கொழித்த காலத்தில் ஊர் வாத்திமார் நைஜீரியாவுக்கு அள்ளுப்பட்டுப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் வீடு கட்டினார்கள், நிலம் வாங்கினார்கள். சேர் அங்கே கலபார் என்ற துறைமுகப் பட்டினத்தில் இருந்து ஒரு பிஸ்கட் தகரம் நிறையச் சோகியோடு, ஒருகாலம் ஆபிரிக்கக் கரையில் காசாக ஓடிய கடற்சிப்பியோடு, வந்தார். பாடப்புத்தகத்தில் அடிமை வணிகத்துக்கு அரைப்பக்கம். சேர் அதற்கு மூன்று கிழமை எடுத்தார். சோதனைக்கு வராது என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதல் நாள் ஒரே கேள்வி: "அடிமையளை ஆர் பிடிச்சது?" வெள்ளைக்காரன் என்று வகுப்பே சத்தம் போட்டது. அவர் தேசப்படத்தில் மேற்கு ஆபிரிக்காவின் கினிக் கரையை விரலால் தேய்த்துக் காட்டினார். புதிதாக வந்த ஐரோப்பியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் வருடத்திலேயே மலேரியாவிலும் மஞ்சட் காய்ச்சலிலும் போய்ச் சேர்ந்த கரை அது. உள்ளே போய் ஊர் பிடிக்கிற நிலையில் அவர்கள் இல்லை. 1482இல் போர்த்துக்கேயர் இன்றைய கானாவின் எல்மினாவில் கோட்டை கட்டியதும் அந்த இடத்துத் தலைவனைக் கேட்டுத்தான். பின்னால் வந்தவர்களும் கோட்டை நின்ற நிலத்துக்கு உள்ளூர் ஆட்சியாளருக்கு வாடகை கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கலபாரில் அந்தக் கோட்டையும் இல்லை. கப்பல் ஆற்று வாயால் ஏறி நங்கூரம் போடும். மேல்தட்டுக்குப் பாய்க்கூரை வேய்வார்கள். கலபாரை ஆண்ட எஃபிக் மக்களின் அரசனுக்குக் 'கொமி' என்ற தீர்வையைக் கட்டும் மட்டும் ஒருவரும் கப்பலோடு வியாபாரம் பேசமாட்டார்கள். கட்டிய பிறகு கப்டன் சரக்கைக் கடனாகக் கொடுப்பார்: துணி, செப்புக் கம்பி, இரும்பு, துவக்கு, வெடிமருந்து, சாராயம். கலபாரில் கணக்கு செப்புக் கம்பியில்தான் ஓடியது. எஃபிக் வியாபாரி அந்தச் சரக்கை வள்ளத்தில் ஏற்றிக் குரொஸ் ஆற்றால் மேலே போய், உள்நாட்டுச் சந்தைகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வாங்கி வருவான். இக்போ, இபிபியோ ஆட்கள். சிலர் சண்டையில் பிடிபட்டவர்கள், சிலர் வழியில் கடத்தப்பட்டவர்கள், சிலர் கடனுக்குப் போனவர்கள். களவு, சூனியம் என்று குற்றம் சாட்டி விற்கப்பட்டவர்களும் உண்டு. ஆரோ என்ற இக்போப் பிரிவு வியாபாரிகள் தங்கள் சாமியின் குறி கேட்க வந்த வழக்காளிகளில் தோற்றவர்களையே விற்றார்கள்: சாமி விழுங்கிவிட்டது என்று ஊருக்குச் சொல்ல, ஆள் கடற்கரைக்கு நடந்துகொண்டிருப்பான். ஒரு கப்பல் நிறைய இப்படி மாதக் கணக்கு ஆகும். அதுவரை ஏற்கெனவே ஏற்றப்பட்டவர்கள் கீழ்த்தட்டில் கிடப்பார்கள். கரையில் நின்ற காலம் நீளநீளச் சாவும் கூடியது.

இவ்வளவு சரக்கைக் கப்டன் எந்தத் துணிவில் கடன் கொடுத்தான்? சேர் இந்தக் கேள்வியோடு ஒரு பாடம் முழுக்க நின்றார். அடகு. வியாபாரி தன் மகனை, மருமகனை, உறவுக்காரப் பெடியனைக் கப்பலில் விட்டுவிட்டுப் போவான். சொன்ன தவணைக்கு அடிமைகள் வந்தால் அடகு இறங்கும். வராவிட்டால், கப்பல் பாய் விரிக்கிற நாளில், அடகும் அடிமையாகி விடும். கரைப்பக்கத்தில் கடனைக் கட்ட வைத்தது எக்பே என்ற சிறுத்தைச் சங்கம். அதன் படிகளைக் காசு கொடுத்துத்தான் ஏறலாம். கடன்காரனின் பேரில் எக்பே முரசு அடிபட்டால் அவனோடு ஒருவரும் கொடுக்கல் வாங்கல் வைக்கமாட்டார்கள். அந்தேரா டியூக் என்ற எஃபிக் வியாபாரி 1785 முதல் 1788 வரை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார்: இன்றைக்கு எந்தக் கப்பல் போனது, எத்தனை பேரோடு போனது, யாருக்கு விருந்து. எங்கள் ஊர்க் கடைக்காரர் வரவு செலவு எழுதுகிற தொனிதான்.

கணக்கு எப்போதும் கணக்காகவே நிற்கவில்லை. 1767இல் பழைய கலபாரின் இரண்டு ஊர்களுக்கிடையில் பகை. சமாதானம் பேசலாம் என்று ஆங்கிலக் கப்டன்மார் ஒரு ஊர்க்காரரைக் கப்பலுக்கு அழைத்து, மற்ற ஊர்க்காரரோடு சேர்ந்து வெட்டினார்கள். அந்தக் குடும்பத்து இளைஞர் இருவர், ரொபின் ஜோன் என்ற பெயர்க்காரர், டொமினிக்காவில் விற்கப்பட்டார்கள். அங்கிருந்து வேர்ஜினியா, பிறகு பிரிஸ்டல். அங்கே வழக்காடி விடுதலை பெற்று 1774இல் ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்கள் செய்த தொழில்? அதே ஆள் விற்பனை. சேர் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை, எங்களையும் சிரிக்க விடவில்லை.

"அவங்களே தானே வித்தாங்கள்" என்று கை கழுவுகிறவர்கள் லண்டனில் நிறைய. எங்கள் சங்க இராப்போசனத்திலும் இரண்டு மேசைக்கு ஒருவர் இருப்பார். அந்த 'அவங்கள்' என்ற ஒரு கூட்டம் அன்றைக்கு இருக்கவில்லை. எஃபிக்காரனுக்கு இக்போக்காரன் தன் ஆள் அல்ல. கொங்கோ அரசன் அஃபொன்சோ தன் குடிகளை, பிரபுக்களின் பிள்ளைகளைக்கூட வியாபாரிகள் அள்ளிப்போகிறார்கள் என்று 1526இலேயே போர்த்துக்கல் அரசனுக்குக் கடிதம் எழுதினான். பெனின் அரசு 16ஆம் நூற்றாண்டில் ஆண் கைதிகளை வெளியே விற்பதை நிறுத்தி நீண்டகாலம் அப்படியே வைத்திருந்தது. அடிமை என்ற ஒற்றைச் சொல்லாலும் எல்லாவற்றையும் மூடமுடியாது. கானாவின் அக்கான் மொழியில் அவோவா கடனுக்கு அடகானவன், தொம்மும் போர்க் கைதி, ஒதொன்கோ வெளியூரில் இருந்து வாங்கியவன். வீட்டில் இருந்த அடிமை காலப்போக்கில் அந்தக் குடும்பத்துக்குள் கரையலாம். அவனுடைய பேரனை வந்தேறி என்று சொல்வது குற்றம். கடல் தாண்டியவனுக்கு அந்த வழி அடைபட்டது.

சோகிக்கு வருகிறேன். தகரத்தைத் திறந்து மேசையில் கொட்டினால் மழைக்கல் விழுந்த சத்தம். இந்தியாவில் சோழி என்கிறார்கள். இது மாலைதீவில் விளைந்தது. ஆழமில்லாத கடலில் தென்னோலையைப் போட்டு வைத்தால் உயிரோடு வந்து ஒட்டும். இழுத்து எடுத்து மணலில் புதைத்துத் தசை அழுகவிட்டுக் கழுவுவார்கள். 12,000 ஒரு பொதி. பொதிகள் வங்காளத்துக்கும், ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் காலிக்கும் வந்தன. அங்கிருந்து கப்பலின் அடிப்பாரமாக அம்ஸ்ரடாமுக்கும் லண்டனுக்கும் போய் ஏலத்தில் விற்கப்பட்டு, மறுபடி கப்பலேறி இன்றைய பெனின் நாட்டின் உய்தா கரையில் இறங்கின. அங்கே துறைமுகம் கிடையாது. பேரலை உடைகிற கரை. தங்கக் கரை என்ற இன்றைய கானாவில் இருந்து கூலிக்கு வந்த வள்ளக்காரர்தான் கப்பலுக்கும் கரைக்கும் இடையில் ஓடுவார்கள். வள்ளம் கவிழ்ந்தால் சரக்கும் போகும், ஆளும் போகும்.

உய்தாவில் வாய்ப்பாடு இப்படி: நாற்பது சோகி ஒரு கோவை. ஐந்து கோவை, 200, ஒரு கலீனா. போர்த்துக்கேய மொழியில் கோழி. இருபது கலீனா, 4,000, ஒரு தலை. நான்கு தலை ஒரு வணிக அவுன்ஸ், அது விலை பேசுகிற கணக்கு அலகு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திடகாத்திரமான ஓர் ஆணுக்கு ஏறத்தாழப் பத்து அவுன்ஸ். சேர் வெண்கட்டியை எடுக்க முதலே கடைசி வாங்கில் இருந்து விடை வந்தது: "ஒரு இலட்சத்து அறுபதினாயிரம், சேர்." வகுப்பில் கணக்கில் அவனைத் தாண்ட ஆளில்லை. "நிறை?" என்றார் சேர். 400 சோகி ஒரு இறாத்தல். "நானூறு இறாத்தல், சேர்." ஒரு ஆளை வாங்க ஒரு ஆளைப்போல் இரண்டரை மடங்கு நிறைச் சோகி. அதனால் முழுவதையும் சோகியாக ஒருவரும் கொடுப்பதில்லை. துணியும் துவக்கும் சாராயமும் கலந்துதான் விலை. கலவை பிழைத்தால் வியாபாரம் நடக்காது. விற்பவன் கேட்ட துணி இல்லாத கப்பல் கரையில் காய்ந்துகொண்டு நிற்கும்.

"கோவையை எண்ணாமல் வாங்கப்படாது" என்பார் சேர். கோர்த்த கூலி என்று ஒன்றிரண்டு குறைவாக இருக்கும்.

அந்தத் துணியில் நல்ல பங்கு சோழமண்டலக் கரையில் நெய்தது. புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த நீலத்துணிக்கே பிரெஞ்சுக்காரர் 'கினி' என்று பெயர் வைத்து செனகலுக்கு அனுப்பினார்கள். மான்செஸ்டர்க்காரர் அதைப்போல் செய்து பார்த்தார்கள். சாயம் நிற்காத துணியை ஆபிரிக்க வியாபாரி கையால் தடவியே ஒதுக்கினான். தறியில் இருந்தவருக்குத் தன் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

கப்பல் பாடத்துக்கு மேசைகளைச் சுவரோடு தள்ளினோம். லிவர்பூலின் 'புரூக்ஸ்' கப்பலின் படம் 1788இல் அச்சானது. ஆணுக்கு 6 அடி நீளம், 16 அங்குல அகலம். சேர் நிலத்தில் வெண்கட்டியால் கீறி, எங்களில் மெலிந்தவனைப் படுக்கச் சொன்னார். கை இரண்டும் கோட்டுக்கு வெளியே. அந்த வருடம் வந்த சட்டப்படி அந்தக் கப்பலுக்கு 454 பேர். சட்டத்துக்கு முன் 609 பேர் வரை ஏற்றியிருந்தது. அங்கோலாவில் இருந்து பிரேசிலுக்கு ஐந்தாறு கிழமை, மற்ற வழிகளில் இரண்டு மாதமும் அதற்கு மேலும். அதிகம் கொன்றது இரத்தக் கழிச்சல். ஏறத்தாழப் பத்துக்கு ஒரு பயணத்தில் அடிமைகள் கிளர்ந்தார்கள். 1781இல் 'சொங்' கப்பலில் 130க்கு மேற்பட்டோரை உயிரோடு கடலில் தள்ளிவிட்டு, ஆளுக்கு 30 பவுண் காப்புறுதி கேட்டார்கள்.

அன்றைக்குக் கரும்பலகையில் எழுதியது 1969இல் வரலாற்றாசிரியர் பிலிப் கேர்ட்டின் கணக்கிட்ட தொகை: கரை சேர்ந்தோர் ஏறத்தாழ 9.5 மில்லியன். பிறகு 36,000க்கு மேற்பட்ட பயணங்களின் பதிவுகளைச் சேர்த்து எடுத்த கணக்கில் ஏறியவர் 12.5 மில்லியன், இறங்கியவர் 10.7 மில்லியன். கொப்பியில் இதைத் திருத்தவேண்டும் சேர் என்று ஒரு கடிதம் எழுத நினைத்து வருடங்கள் போய்விட்டன.

இனி அந்த நாள். அடகுப் பாடம் முடிய நான் எழும்பி, "எங்கட ஊரில இப்பிடி ஒண்டும் இருக்கேல்லை சேர்" என்றேன். கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில். சேர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் ஒரு பழைய புத்தகத்தோடு வந்தார். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை. அடிமைகள் பற்றிய பகுதியை விரித்து, "எழும்பி வாசியும் தம்பி" என்றார். சீதனத்தோடு கொடுபடுகிற அடிமை, பங்கு பிரிக்கிறபோது பிரிபடுகிற அடிமை. அதில் நான்கு சாதிப் பெயர்கள் உண்டு. இங்கே எழுதவில்லை, இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். இலங்கையில் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1844இல்தான் என்பதையும் என் வாயாலேயே சொல்ல வைத்தார்.

என்னைக் குட்டுவதற்குத்தான் வாசிக்க வைத்தார். காது சுட்டது. ஆனால் நாலாவது பெயரை நான் வாசித்தபோது கடைசி வாங்கு ஒருமுறை கிரீச்சிட்டது. ஒருவரும் திரும்பவில்லை. சேர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு வெண்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். அதில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. கலபாரின் அடகுப் பெடியனை அவ்வளவு நுணுக்கமாக அறிந்த மனிதர் தன் வகுப்பில் யார் இருக்கிறான் என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கடைசி வாங்கில் இருந்து கணக்குக்கு விடை வந்ததில்லை.

நாங்கள் லண்டன் வந்தோம். பிள்ளைகள் வேலைக்குப் போகிற கனரி வோர்ஃப், 1802இல் திறந்த மேற்கிந்தியத் துறை. அடிமைகள் கரும்பு வெட்டிய சீனி இறங்கிய களஞ்சியம் இப்போது நூதனசாலை. வாசலில் நின்ற, அந்தத் துறையைக் கட்டுவித்த அடிமைச் சொந்தக்காரர் ரொபேட் மிலிகனின் சிலையை 2020 ஜூனில் தூக்கினார்கள். 1833ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமைச் சொந்தக்காரருக்குப் பிரித்தானியா கொடுத்த நட்டஈடு 20 மில்லியன் பவுண். அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. அதற்கு அரசு வாங்கிய கடன் அடைபட்டு முடிந்தது 2015இல். பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்த எங்கள் வரியும் அதற்குள் போயிருக்கிறது. சேரிடம் சொல்லியிருந்தால் தகரத்தைத் திறந்து சோகியில் கணக்குப் பார்த்திருப்பார்.

மலருக்காக மூன்று கிளைகளின் விலாசப் பட்டியலையும் எடுத்தேன். எங்கள் வகுப்பு நாற்பது பேர். இறந்தவர்களையும் சேர்த்து எண்ணினால் முப்பத்தொன்பது. கனடாவுக்கும் சிட்னிக்கும் எடுத்துக் கேட்டேன். அவனுடைய முழுப்பெயர் ஒருவருக்கும் வரவில்லை. நாங்கள் வைத்த பட்டப்பெயர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை இங்கே அச்சிட முடியாது.